பாட்டு நடுவில் அறுந்தால்...

இசைத்தட்டு பாடிக்கொண்டே இருக்கிறது. திடீரென இரண்டு விநாடி ஊமையாகி, மறுபடி பாடுகிறது. என்ன செய்வீர்கள்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு ஓடுவீர்கள். நானும் அப்படித்தான் ஓடினேன்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த தம்பி ஆசையோடு வாங்கி வந்த விலையுயர்ந்த சி.டி. பிளேயர் அது. பால்மரம் வெட்டிய எங்கள் அம்மாவின் தாலாட்டை ஒலிநாடாவிலிருந்து தட்டில் பதிந்து வைத்திருந்தோம். நாடா பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது. அம்மாவும் இல்லை. அந்தத் தட்டுதான் அறுந்தது.

"லேசர் போச்சு, மாத்தணும்" என்றார் பழுது பார்ப்பவர். விலையைக் கேட்டதும் பெட்டியோடு திரும்பிவிட்டேன்.

"அண்ணே, எந்த இடத்துல நிக்குதுன்னு எழுதி வெச்சீங்களா?" என்றான் தம்பி. நாளெல்லாம் பிள்ளைகளைக் குறிப்பெடுக்கச் சொல்லும் வாத்தியாருக்கு அது தோன்றவில்லை, பாருங்கள்!

பெட்டியின் முகப்பில் ஓடும் நிமிடம், விநாடியைத் தாளில் குறியுங்கள். ஒரே தட்டு, ஒரே இடம் என்றால் குறை தட்டில். எல்லாத் தட்டும் கண்ட இடத்தில் அறுந்தால், லேசரின் கண்ணாடியில் தூசு படிந்திருக்கலாம். லேசர் தளர்ந்தும் இருக்கலாம். கடைசிப் பாடல்களில் மட்டும் திணறினால், லேசர் நகரும் தண்டவாளத்தில் பசை காய்ந்திருக்கலாம். ஏனெனில் சி.டி. உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. பெட்டியைத் திறப்பதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். லேசர் ஒளி கண்ணுக்கு ஆகாது.

அழுக்குத் தட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். பழைய கறுப்புத் தட்டைப்போல் வட்டமாகத் துடைக்காதீர்கள். தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை அழிந்தாலும் பிளேயர் தானே சரிசெய்துகொள்ளும். குறுக்குக் கீறல் தடத்தைச் சிறிதே தொடும். வட்டக் கீறலோ தடத்தோடு கூடவே ஓடும்.

என் தாளில் மூன்று முறையும் 3 நிமிடம் 12 விநாடி. மற்ற தட்டுகள் ஒழுங்காகப் பாடின. அம்மா தட்டின் அடிப்புறம் பளிங்குபோல் இருந்தது. விளக்குக்கு நேரே பிடித்தேன். நடுத்துளைக்கு அருகே ஊசிமுனைபோல் வெளிச்சப் புள்ளிகள்! அங்கேதான் நான் குண்டுமுனைப் பேனாவால் அழுத்தி "அம்மா" என்று எழுதியிருந்தேன். பாட்டு பதிந்திருப்பது அடிப்புறத்தில் அல்ல. பெயர் எழுதும் பக்கத்தில், மெல்லிய பூச்சுக்குக் கீழே. அங்கே எழுத மென்முனை மார்க்கர் பேனாதான் சரி.

தம்பி கணினியில் மெதுவாகப் படிக்கவிட்டு நகல் எடுத்தான். ஒரே ஒரு வரியில் பாதி மட்டும் வரவில்லை. அதை என் அக்காள் மனப்பாடமாகப் பாடுகிறாள்.