ஓடும் கால்களும் ஓய்ந்த வயிறும்

2004-ஆம் ஆண்டில் தொடங்கிய மும்பை மாரத்தான் நம் நகர வாழ்வின் ஓர் அங்கமாகிவிட்டது. சனவரி மாத ஞாயிறு ஒன்றில், விடியுமுன்னே சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து புறப்படுவோர், பாந்திரா–வொர்லி கடற்பாலத்தைக் கடந்து, மாகிம் வழியாகத் திரும்புகின்றனர். மொத்தம் 42.195 கிலோமீட்டர். மாகிம் வந்தடையும்போது, இருப்புப்பாதைக்கு அப்பால் நம் தாராவி. அந்த இடத்தில் கால்வலியால் தளர்ந்தோர் பலர் இருப்பர். ஆனால் குமட்டல், வயிற்று உப்புசம், குடற்பிடிப்பு, திடீரென மலம் கழிக்க வேண்டிய அவசரம் ஆகியவற்றால் திணறுவோரும் குறைவல்லர். இதைப் பற்றி வெளியே பேச நாம் கூச்சப்படுகிறோம், அவ்வளவுதான்.

இதன் காரணம் குருதிப் பங்கீட்டில் இருக்கிறது. ஓய்வு நேரத்தில் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை வெளியேற்றுகிறது. அதில் சுமார் கால் பங்கு இரைப்பை, குடல், கல்லீரல் ஆகியவற்றுக்குச் செல்கிறது. கடுமையாக ஓடத் தொடங்கியதும் தசைகளும், உடலைக் குளிர்விக்கும் தோலும் குருதியைக் கோருகின்றன. பரிவு நரம்புகள் குடலுக்குச் செல்லும் நாளங்களைச் சுருக்குகின்றன. உச்ச உழைப்பில் அங்குள்ள குருதியோட்டம் 80 விழுக்காடு வரை குறையக்கூடும். நெருக்கடியில் ரொக்கத்தை எங்கே முதலில் அனுப்புவது என்று முடிவு செய்யும் கிளை மேலாளரின் நிலையே உடலின் நிலையும். வயிற்றின் கோரிக்கை கடைசியில் வைக்கப்படுகிறது.

விளைவு என்ன? இரைப்பை உணவைக் கீழே தள்ளும் வேகம் குறைகிறது. குடலின் உட்சுவர், குறிப்பாக உறிஞ்சும் விரலிகளின் நுனிகள், உயிர்வளி போதாமல் சோர்கின்றன. சுவரின் செல்களுக்கு இடையேயான பிணைப்புகள் தளர, நுண்ணுயிர்களின் நச்சுப்பொருள்கள் குருதியில் கசிகின்றன. மும்பையின் ஈரப்பதம் மிக்க வெக்கையும் நீரிழப்பும் இதை மேலும் கூட்டும். ஓடுவோருக்கு ஒவ்வோர் அடியிலும் குடல் குலுங்குவது தனித் தொல்லை.

உழைப்பின் அளவே இங்கு முக்கியம். மிதமான நடை குடலின் அசைவைத் தூண்டி மலச்சிக்கலைக் குறைக்கிறது. உண்ட பின் சிறிது உலாவ வேண்டும் என்று நம் பெரியோர் சொல்லிவந்தது பொருளற்றதன்று. வயிற்றில் ஆறாத துளையுடன் வாழ்ந்த ஒருவரைப் பல ஆண்டுகள் உற்றுநோக்கிய அமெரிக்க மருத்துவர் வில்லியம் போமண்ட், மெல்லிய உழைப்பு செரிமானத்துக்கு உதவும், களைப்பூட்டும் உழைப்பு தடுக்கும் என்றே 1833-இல் எழுதினார்.

இது ஓட்டப் பந்தயக்காரர்களின் கவலை மட்டுமன்று. பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் மூட்டை சுமப்பவரின் குடலுக்கு, அது கூலிக்கான உழைப்பா பதக்கத்துக்கான உழைப்பா என்பது தெரியாது. வயிறு நிறைய உண்டவுடன் பாரம் தூக்கினால் எதுக்களித்தலும் வாந்தியும் வருவது இயல்பே. அவருக்கு ஓட்டக்காரரைப்போல் நேரம் தேர்ந்துகொள்ளும் வசதியில்லை என்பதுதான் வேறுபாடு. கனத்த உணவை வேலை முடியும் நேரத்துக்குத் தள்ளி, இடையில் சிறிது சிறிதாக உண்பதும் நீரருந்துவதும் அவரால் இயன்ற வழி.

ஓடுவோர் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே உண்டுவிட வேண்டும். இதற்கு இட்லியைவிடப் பொருத்தமான உணவு அரிது. தாராவியின் தமிழ்க் குடும்பங்கள் விடியற்காலையில் அவித்து நகரெங்கும் மிதிவண்டியில் அனுப்பும் அதே இட்லிதான்: ஆவியில் வெந்தது, கொழுப்பும் நாரும் குறைந்தது. அதனுடன் வரும் வடையையும் தேங்காய்ச் சட்னியையும் அன்று தவிர்ப்பது நல்லது; கொழுப்பு இரைப்பையில் நெடுநேரம் தங்கும். மிகச் செறிவான இனிப்புப் பானங்களோ குடலுக்குள் நீரை இழுத்துக்கொள்ளும். ஓட்டத்தின்போது உண்ணப்போவதை முந்தைய வாரங்களின் பயிற்சியிலேயே உண்டு பழகினால், சர்க்கரையை உறிஞ்சும் திறனைக் குடல் வளர்த்துக்கொள்கிறது. பந்தய நாளில் புதிதாக எதையும் சோதித்துப் பார்க்கலாகாது.

கால்வலிக்கு முன்னெச்சரிக்கையாக ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை விழுங்கிவிட்டு ஓடும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஏற்கெனவே குருதி குறைந்த குடற்சுவரை அவை மேலும் புண்படுத்தும். கடும் உழைப்புக்குப் பின் மலத்தில் குருதி தென்பட்டாலோ, மலம் தார்போல் கறுத்தாலோ, வயிற்றுவலி ஓய்வெடுத்த பின்னும் நீடித்தாலோ வீட்டு மருந்தில் காலம் கடத்தாமல் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். தாராவிவாசிகளுக்குச் சயான் மாநகராட்சி மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது.