குடும்பப் பேழை தாமதிப்பது ஏன்?

முன்னாளில் நம் இல்லங்களில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. நிலப்பத்திரம், திருமுழுக்குச் சான்று, பாட்டனாரின் திருமணப் படம், பட்டுப்புடவை ஆகிய யாவும் அதனுள்ளே துயின்றன. இன்று பல குடும்பங்களில் அந்தப் பெட்டியின் பணியை ஒரு சிறு இயந்திரம் ஏற்றுக்கொண்டுள்ளது. 'நாஸ்' என்று அதனை அழைக்கின்றனர். ஒன்றோ இரண்டோ நான்கோ ஹார்டு டிஸ்க்குகளைத் தன்னகத்தே கொண்டு, வீட்டு ரவுட்டரோடு கேபிளால் பிணைக்கப்பட்டு, இராப்பகலாக விழித்திருக்கும் சேமிப்புப் பெட்டி அது. தந்தையின் கணிப்பொறி, மகளின் மடிக்கணினி, அன்னையின் கைபேசி ஆகிய அனைத்தும் அதிலுள்ள பொதுக் கோப்புறையைத் திறந்து, வேண்டியதை எடுக்கலாம், புதியதை வைக்கலாம். பிள்ளைகளின் முதல் நற்கருணை விழாப் படங்களும், மறைந்த பாட்டியின் குரற்பதிவும், திருமண வீடியோவும் அங்கே குடியிருக்கின்றன.

இத்தகைய பெட்டி ஒருநாள் சோம்பத் தொடங்குகின்றது. ஒரு படத்தைத் திறக்கக் காத்திருக்க வேண்டியுள்ளது. ஒரு வீடியோவைப் பிரதியெடுக்க அரைநாள் ஆகின்றது. உடனே வீட்டில் குற்றச்சாட்டுகள் எழுகின்றன. மகனின் விளையாட்டே காரணம் என்கின்றார் தந்தை. பெட்டி பழையது என்கின்றான் மகன். ஒருவர் இன்டர்நெட் திட்டத்தை உயர்த்திக் கூடுதல் கட்டணம் செலுத்துகின்றார். இன்னொருவர் தவணை முறையில் புதுப் பெட்டியே வாங்கிவிடுகின்றார். பணம் போகின்றது, தாமதம் போவதில்லை. காரணம், தாமதம் எங்கே தங்கியிருக்கின்றது என்பதை எவரும் தேடவில்லை. அதனைத் தேடும் முறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கடமை

எதையும் கழற்றுமுன், எதையும் மாற்றுமுன், பெட்டியிலுள்ள அரிய படங்களையும் பதிவுகளையும் தனியான வேறொரு டிஸ்க்கில் பிரதியெடுத்து விடுங்கள். தாமதம் சில வேளைகளில் வெறும் தொல்லையன்று. சாகப்போகும் டிஸ்க் எழுப்பும் முனகல் அது. பழுதான இடத்தைப் படிக்க இயலாத டிஸ்க் மீண்டும் மீண்டும் முயல்கின்றது. அந்த முயற்சியே நமக்குத் தாமதமாகத் தெரிகின்றது.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. 'ஸ்மார்ட்' என்பது அதன் பெயர். பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் அதனைக் காணலாம். பழுதுற்று மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையும், படிக்க இயலாமல் நிற்கும் பகுதிகளின் எண்ணிக்கையும் நாளுக்கு நாள் ஏறினால் வேறு ஆராய்ச்சி வேண்டாம், டிஸ்க்கை மாற்றுங்கள். இரண்டு டிஸ்க்குகளில் ஒரே தரவை எழுதும் அமைப்பு இருப்பதால் அச்சமில்லை என்று எண்ணுவோர் உண்டு. ஒரு டிஸ்க் செத்தால் அது காக்கும். ஆனால் தவறாக அழித்ததையும், திருடன் கொண்டுபோனதையும், மின்னல் தாக்கியதையும் அது மீட்டுத் தராது. வேறிடத்தில் ஒரு பிரதி இருப்பதே காவல்.

ஒவ்வொன்றாக ஆராய்தல்

திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-ஆம் ஆண்டில் அங்கீகரித்த 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில், புனித லொயோலா இஞ்ஞாசியார் தனிச் சோதனை என்னும் முறையைக் கற்பிக்கின்றார். எல்லாக் குறைகளையும் ஒரே நாளில் களைய முற்படாமல், ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொண்டு, நண்பகலிலும் இரவிலும் தன்னைச் சோதித்து, கோட்டின்மீது புள்ளியிட்டுக் குறித்து, நேற்றையதோடு இன்றையதை ஒப்பிட வேண்டும் என்பது அம்முறை. ஆன்மாவுக்கென்று வகுக்கப்பட்ட இந்த ஒழுங்கு, இயந்திரத்தின் குறையைத் தேடுவதற்கும் வியப்புறும் வகையில் பொருந்துகின்றது. ஒரே நேரத்தில் கேபிளையும் ரவுட்டரையும் அமைப்புகளையும் மாற்றுகிறவன், வேகம் திரும்பினாலும் எதனால் திரும்பியது என்று அறியமாட்டான். ஒன்றை மாற்றுக, அளந்து பார்க்க, குறித்துக் கொள்க, பின்னரே அடுத்ததைத் தொடுக.

அளவுகோல் எது?

குறிப்பேட்டில் எழுத எண்கள் வேண்டும். கேபிளின் வேகத்தை மெகாபிட் கணக்கிலும், கோப்பின் பருமனை மெகாபைட் கணக்கிலும் சொல்வது வழக்கம். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே நொடிக்கு 1000 மெகாபிட் செல்லும் இணைப்பில் நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது. நடைமுறையில் 110 அளவில் கிடைக்கும். 100 மெகாபிட் இணைப்பில் நடைமுறை வேகம் 11 மெகாபைட் அளவே.

4,000 மெகாபைட் பருமனுள்ள ஒரு திருமண வீடியோவைக் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பிரதியெடுங்கள். அரை நிமிடத்திற்குச் சற்று அதிகமாக ஆனால் பெட்டி நலமாயிருக்கின்றது. 6 நிமிடம் ஆனால் எங்கோ ஓரிடத்தில் 100 மெகாபிட் என்னும் குறுகிய வாயில் உள்ளது. அதனினும் அதிகமானால் வைஃபையையோ டிஸ்க்கையோ ஐயுறுங்கள். இதே சோதனையை வீட்டின் மற்றொரு கணிப்பொறியிலும் செய்யுங்கள். எல்லாக் கணிப்பொறிகளிலும் தாமதமானால் குறை பெட்டியின் பக்கம். ஒன்றில் மட்டும் தாமதமானால் அந்தக் கணிப்பொறியின் பக்கம்.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். வீட்டுக்குள் நடக்கும் இப்பயணத்திற்கும் நீங்கள் கட்டணம் செலுத்தும் இன்டர்நெட் வேகத்திற்கும் தொடர்பில்லை. கூடத்திலிருந்து அடுக்களைக்குச் செல்ல ஊர்ச்சாலை அகலமாயிருக்க வேண்டியதில்லை அல்லவா? வெளியூரிலிருக்கும் மகன் அங்கிருந்து படங்களைப் பார்க்கும்போதுதான் இன்டர்நெட் வேகம், அதிலும் வெளியே அனுப்பும் வேகம், கணக்கில் வருகின்றது.

கம்பியும் காற்றும்

மிகுதியான குறைகள் மிக மலிவான பொருளில்தான் ஒளிந்திருக்கின்றன. கேபிளினுள்ளே முறுக்கப்பட்ட 4 இணைக் கம்பிகள் உள்ளன. 100 மெகாபிட் வேகத்திற்கு அவற்றில் 2 இணைகள் போதும்; 1000 மெகாபிட்டுக்கு 4 இணைகளும் வேண்டும். எலி கடித்தோ, கதவிடுக்கில் நசுங்கியோ, முனை சரியாகப் பொருத்தப்படாமலோ ஓர் இணை கெட்டால், இணைப்பு அறுந்துபோவதில்லை; ஓசையின்றி 100-க்கு இறங்கிவிடக்கூடும். விளக்கு எரிகின்றது, கோப்பும் வருகின்றது. ஆகையால் கேபிளை எவரும் ஐயுறுவதில்லை. கணிப்பொறியின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் என்னும் வரியைப் பாருங்கள். 1000 இருக்கவேண்டிய இடத்தில் 100 இருந்தால், 'கேட் 5இ' என்றோ 'கேட் 6' என்றோ அச்சிடப்பட்ட வேறு கேபிளை இட்டுப் பாருங்கள். அப்போதும் மாறாவிடில் ரவுட்டரின் துளையைக் கவனியுங்கள். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் கேபிள் துளைகள் 100 மெகாபிட்டுக்கே உரியவை. கணிப்பொறியையும் பெட்டியையும் 1000 மெகாபிட் சுவிட்ச் ஒன்றில் இணைத்து, அதிலிருந்து ஒரு கேபிளை ரவுட்டருக்குக் கொடுத்தால் அக்குறை தீர்ந்துவிடும்.

வைஃபை காற்றில் செல்வது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கும் சபை அது. கைபேசிகளும் தொலைக்காட்சியும் அடுத்த வீட்டு ரவுட்டரும் அதே காற்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடந்து தொலைவு செல்லும். ஆயின் நெரிசல் மிக்கது, வேகம் குறைந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது. சுவர்களைக் கண்டால் தளர்ந்துவிடும். ஆகவே வைஃபையில் தாமதம் கண்டவுடன் பெட்டியைப் பழிக்காமல், மடிக்கணினியைக் கேபிளில் இணைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். கேபிளில் வேகம் இருந்தால் பெட்டி குற்றமற்றது. பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் வைஃபையில் விடாதீர்கள். அது கேபிளில் இருப்பதே முறை.

பாதையை மட்டும் தனியே சோதிக்க 'ஐபெர்ஃப்3' என்னும் இலவச மென்பொருள் உண்டு. டிஸ்க்கைத் தொடாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தரவை அனுப்பி அளக்கின்றது அது. அதில் 900 மெகாபிட்டுக்கு மேல் காட்டியும் கோப்பு மெதுவாக வந்தால், பாதை நேரானது, குறை பெட்டிக்குள்ளே என்று துணியலாம்.

பெட்டியின் உட்புறம்

ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு. அதன்மீது ஒரு சிறு முள் நகர்ந்து படிக்கின்றது. நீண்ட ஒரே கோப்பைப் படிக்கும்போது முள் அதிகம் நகர வேண்டியதில்லை. வேகம் நொடிக்கு 100 மெகாபைட்டைத் தாண்டும். சிறு படங்கள் பத்தாயிரம் சிதறிக் கிடந்தாலோ முள் அங்குமிங்கும் ஓட வேண்டும். நொடிக்கு ஏறத்தாழ 100 முறைக்கு மேல் அதனால் ஓட இயலாது. ஒவ்வொரு கோப்புக்கும் திறத்தல், அனுமதி பார்த்தல், மூடுதல் என்று தனித்தனிக் கேள்வி விடைகளும் உண்டு. ஆகவே பெரிய வீடியோ விரைவாகவும் சிறு படங்கள் மெதுவாகவும் செல்வது நோயன்று, இயல்பு. படங்களை ஒரே 'ஜிப்' கோப்பாகக் கட்டி அனுப்பினால் காலம் மிச்சமாகும்.

டிஸ்க்குகளிலும் இருவகை உண்டு. ஒருவகையில் தரவுத் தடங்கள் ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிந்திருக்கும். ஓர் ஓட்டை மாற்ற அருகிலுள்ள ஓடுகளைத் தூக்க வேண்டுவது போல, ஏற்கனவே எழுதியதைத் திருத்தி எழுதும்போது இவ்வகை மிகவும் திணறும். வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளுக்கென விற்கப்பட்ட சில டிஸ்க்குகள் இவ்வகையின என்பது வாங்கியோருக்கு உரைக்கப்படாமலே இருந்து, 2020-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. புது டிஸ்க் வாங்குவோர் 'சி.எம்.ஆர்.' வகைதானா என்று கேட்டு வாங்குதல் நன்று.

நலமாயிருக்கும் பெட்டியும் சில நாள்களில் தளரும். ஆயிரக்கணக்கான படங்களை இட்ட அன்று, அவற்றின் சிற்றுருவங்களை அது தயாரித்துக்கொண்டிருக்கும். புது டிஸ்க் பொருத்திய பின்னர், பழையதன் பொருளைத் திரும்ப எழுதப் பல மணிநேரமோ சில நாள்களோ ஆகும். அப்போது செய்யத்தக்கது பொறுமையே. முதலில் திறக்க மட்டும் சில நொடிகள் தாமதித்து, பின்னர் வேகமாக ஓடினால், உறங்கிய டிஸ்க் விழித்துச் சுழலத் தொடங்குகின்றது என்று கொள்க. அல்லது, பெட்டியின் பெயரைத் தேடுவதில் கணிப்பொறி தடுமாறலாம். பெயருக்குப் பதிலாக அதன் ஐ.பி. எண்ணை இட்டுத் திறந்து பார்த்தால் உண்மை விளங்கும்.

பேசும் மொழி

கணிப்பொறியும் பெட்டியும் உரையாடும் மொழிக்கு 'எஸ்.எம்.பி.' என்று பெயர். 1983-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவர் இதனை உருவாக்கினார். ஆஸ்திரேலியாவில் ஆய்வு மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், இதே மொழியைப் பேசும் மென்பொருளை 1992-ஆம் ஆண்டளவில் எழுதி உலகினர்க்கு இலவசமாக அளித்தார். 'சாம்பா' என்னும் அந்த மென்பொருளே இன்று பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளில் பணிபுரிகின்றது.

இம்மொழியின் முதற்பதிப்பு மிக்க வாயாடி. ஒரு சிறு வேலைக்கும் பலமுறை கேட்டு விடைபெறும். 2006-இல் இரண்டாம் பதிப்பும், 2012-இல் மூன்றாம் பதிப்பும் வந்து அந்தப் பேச்சைக் குறைத்தன. பழைய தொலைக்காட்சிக்காகவோ பழைய பெட்டிக்காகவோ முதற்பதிப்பை மீண்டும் திறந்துவிடுவோர் உள்ளனர். வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகெங்கும் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய 'வான்னாகிரை' என்னும் தீநிரல், அந்த முதற்பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகவே பரவியது. சற்று வேகம் பெறும் பொருட்டுக் கடவுச்சொல்லையும் காவல் ஏற்பாடுகளையும் நீக்கிவிடச் சொல்லும் அறிவுரைகளையும் இவ்வாறே ஒதுக்குங்கள். காவற்காரனை அனுப்பிவிட்டுக் கதவை அகலத் திறப்பது விவேகமன்று.

குடும்பமாய்த் தேடுங்கள்

காணாமற்போன ஒரு நாணயத்திற்காக விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கிக் கவனமாய்த் தேடிய பெண்ணை லூக்கா நற்செய்தியில் நம் ஆண்டவர் காட்டுகின்றார். அப்பெண் அடுத்த வீட்டாரைப் பழிக்கவில்லை. வேறு நாணயம் கடன் வாங்கவும் இல்லை. தன் வீட்டின் மூலைகளையே தேடினாள்.

ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணிநேரம் ஒதுக்கி, பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு இந்தத் தேடலைச் செய்யுங்கள். ஒருவர் கேபிளை மாற்றட்டும். ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும். ஒருவர் எண்ணைக் குறிக்கட்டும். முதலில் பிரதி, அடுத்து அளவு, பின்னர் கேபிள், ரவுட்டர், வைஃபை, இறுதியாக டிஸ்க் என்ற வரிசையை விடாதீர்கள். காரணம் தெரியுமுன் கடைக்குச் செல்வதில்லை என்று குடும்பமாக முடிவு செய்யுங்கள். பற்பல வீடுகளில் ஒரு புதிய கேபிளின் விலையோடு செலவு முடிந்துவிடும். அன்றியும், ஆராயாமல் ஒருவரையொருவர் குற்றம் சாட்டலாகாது என்னும் பாடத்தைப் பிள்ளைகள் சொல்லால் அன்றிச் செயலால் கற்றுக்கொள்வர். மறைந்த பாட்டியின் குரலைப் பேரப்பிள்ளைகள் இன்னும் பல்லாண்டு கேட்க வேண்டுமானால், அதற்கான ஒரு மணிநேர உழைப்பு மிகையன்று.