செவிக்குப் பின்னுள்ள எலும்பு

மாணவர்களே! செவிமடலுக்குப் பின்னே விரலை வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். கீழ்நோக்கிய கூம்பு போன்ற எலும்பொன்று தட்டுப்படும். மூளையைச் சூழ்ந்த எட்டு எலும்புகளுள் பக்கத்திற்கு ஒன்றாக அமைந்த பொட்டெலும்பின் பின்பகுதி அது. கொங்கை வடிவினது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் மேனாட்டார் அதனை 'மாஸ்டாய்டு' என்பர்.

பிறந்த குழவியிடம் இம்முளை புலப்படுவதில்லை. குழவி தலை நிமிர்த்தப் பழகிய பின்னர், மார்பினின்று சாய்ந்தேறி இங்கு வந்து பற்றும் கழுத்துத் தசை இழுக்க இழுக்க, அது சிறிது சிறிதாக வளர்கிறது. அதுவரை முகத்தை இயக்கும் நரம்பு அவ்விடத்தே போதிய காப்பின்றித் தோலுக்கு அணித்தாக ஓடும்.

புறத்தே கல்லெனத் தோன்றும் இவ்வெலும்பை அறுத்து நோக்கின், பெரும்பாலோரிடம் தேனடை போன்ற காற்றறைகள் காணப்படும். அவற்றுள் பெரியதொன்று நடுச்செவியோடு தொடர்புடையது. நடுச்செவியினின்று ஒரு குழல் மூக்கின் பின்புறத்தே சென்று திறக்கிறது. ஆகவே சளியோடு வந்த நோய் செவியை அடைந்து, இவ்வறைகளுள்ளும் புகுந்து சீழாகத் தங்கக்கூடும். அறைகளுக்கு மேலே மூளை. இடையிலிருப்பது மெல்லிய எலும்புத் தகடே. பின்னே, மூளையினின்று குருதியை இறக்கும் பெருநாளம். சீழுக்கு இவ்விரண்டும் எவ்வளவு அருகில் உள்ளன என்பதை எண்ணிப் பாருங்கள்.

"பிள்ளைகளுக்குக் காது ஒழுகுவது வழக்கந்தானே" என்று கூறிப் பூண்டெண்ணெய் காய்ச்சி ஊற்றுவோர் பூரணாங்குப்பம் போன்ற நம் சிற்றூர்களில் இன்றும் உளர். அது வழக்கமன்று, நோய். செவிக்குப் பின்னே சிவந்து வீங்கி, மடல் முன்னோக்கித் தள்ளப்பட்டு, காய்ச்சலும் கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்லல் வேண்டும். நமக்கு அது அரிதுமன்று. 1823-இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனை புதுச்சேரியிலேயே உள்ளது.

இவ்வெலும்பைச் செதுக்கிச் சீழை வெளியேற்றும் அறுவையை, 1873-இல் ஜெர்மானிய மருத்துவர் ஷ்வார்ட்சே ஒழுங்குபட வகுத்து வெளியிட்டார். பெனிசிலின் முதலிய மருந்துகள் தோன்றிய பின் அவ்வறுவை வேண்டுவோர் பெரிதும் குறைந்தனர். எனினும் எலும்பைக் குடையும் கலை வேறொரு பயனைப் பெற்றது. பிறவியிலேயே செவிப்புலன் இழந்த குழந்தைகளுக்கு, இவ்வெலும்பின் வழியே துளைத்துச் சென்று, நத்தையோடு போன்ற உட்செவிக்குள் மின்முனைகளைப் பொருத்துகின்றனர். தமிழ்நாட்டில் அரசின் காப்பீட்டுத் திட்டத்தால் ஏழைக் குழந்தைகள் பலர் இச்சிகிச்சை பெற்று, பின்னர்ப் பல திங்கள் பயின்று, பேசக் கற்றுள்ளனர்.