குதிரை வியாதியும் நமது கடமையும்

தகடூர் என்று பண்டை நாளில் பெயர் பெற்றிருந்த தர்மபுரிச் சீமைக்குக் குதிரை புதிய பிராணியன்று. 2004-ம் வருஷம் வரை இந்த ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஓசூரில், பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்கவென்று கும்பினியார் 1824-ல் ஏற்படுத்திய பண்ணை, இன்று சர்க்கார் கால்நடைப் பண்ணையாக இருந்து வருகிறது. பட்டாளக் குதிரைகளின் காலம் போயிற்று. ஆயினும் வண்டியிழுத்தும், கல்யாண ஊர்வலத்தில் நடந்தும் எஜமானனுக்குச் சோறு போடும் குதிரைகள் இன்னும் உண்டு. அவற்றைத் தாக்கக்கூடிய ஒரு கொடிய தொத்துவியாதியைப் பற்றி முன்கூட்டியே யோசிப்பது நமது கடமையாகும்.

குதிரை ஹெர்ப்பீஸ் வைரஸ் என்பதன் முதல் வகையே இதற்குக் காரணம். முதலில் காய்ச்சலும் மூக்கொழுகலும் காணும்; சினைக்குதிரை கருவை இழக்கும். சில குதிரைகளிலோ இவ்வைரஸ் தண்டுவடத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுத்துவிடுகிறது. இரத்தம் பெறாத நரம்பு செயலிழக்கிறது. பின்னங்கால் தள்ளாடும்; வால் துவளும்; சிறுநீர் தானே சொட்டும்; முடிவில் குதிரை படுத்துவிடும். படுத்த குதிரை எழுவது அரிது.

1521 அல்ல, நமது காலத்திலேயே, 2021 பிப்ரவரியில், ஸ்பெயின் தேசத்து வலென்சியா நகரில் நடந்த குதிரையேற்றப் போட்டியில் இவ்வியாதி தோன்றியது. அங்கிருந்து வீடு திரும்பிய குதிரைகளோடு அது பிற தேசங்களுக்கும் சென்றது. 18 குதிரைகள் மாண்டன. ஐரோப்பாவில் சர்வதேசப் போட்டிகள் ஏப்ரல் வரை நிறுத்தப்பட்டன. செல்வமும் வைத்திய வசதியும் நிறைந்த தேசங்களின் கதி இது.

நமது நாட்டிலும் இதற்கொப்பான பாடம் உண்டு. 2008 ஜூனில் ஜம்முவைச் சேர்ந்த கட்ராவில் தொடங்கிய குதிரை இன்புளுயன்சா, அவ்வருஷத்திலேயே மைசூர் வரை வந்துவிட்டது. அது வேறு வியாதி. ஆனால் வந்த வழி ஒன்றே. குதிரைகள் கூடுமிடத்தில் வியாதியும் கூடுகிறது. ஆடி மாதந்தோறும் ஈரோடு ஜில்லா அந்தியூரில், குருநாதசுவாமி கோவில் திருவிழாவையொட்டிப் பல மாகாணக் குதிரைகள் வந்து சேரும் சந்தை, தர்மபுரிக்குத் தொலைவன்று.

தடுக்கும் முறைகள் எளியவை. சந்தையிலிருந்து வந்த குதிரையை மூன்று வாரம் தனியே கட்டுக. காலையும் மாலையும் உஷ்ணமானி வைத்துப் பார்க்க. வாளி, கடிவாளம், துணி எதையும் பொதுவாக வழங்கற்க. இவ்வைரஸ் மனிதரைத் தாக்காது. ஆனால் மனிதரின் கையிலும் உடையிலும் ஏறிச் செல்லும். சோப்பும் கிருமிநாசினியும் அதை அழித்துவிடும். வியாதி கண்டால் லாயத்தை அடைத்து, கடைசிக் குதிரையின் காய்ச்சல் தணிந்த பின்னும் 21 முதல் 28 நாள் வரை எதையும் வெளியே விடலாகாது. ஹிஸ்ஸாரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி நிலையத்தார் இந்நாட்டு வைரஸைக் கொண்டே கருச்சிதைவைத் தடுக்கும் ஊசிமருந்து கண்டிருப்பது நமக்குப் பெருமை. ஆனால் நரம்பைத் தாக்கும் வகையை நிச்சயமாகத் தடுக்கும் மருந்து உலகில் எங்குமில்லை. ஆகவே ஒதுக்கி வைப்பதே முதல் மருந்து.

இங்கேதான் உண்மையான சங்கடம் எழுகிறது. தொத்துவியாதி கண்ட பிராணியைப் பற்றி அதன் சொந்தக்காரர் உடனே தெரிவிக்க வேண்டுமென்று 2009-ம் வருஷத்துச் சட்டம் விதிக்கிறது. ஒற்றைக் குதிரையை நம்பி ஜீவிக்கும் ஏழை, அதை ஒரு மாதம் கட்டிவைத்தால் குடும்பம் எதைத் தின்னும்? உண்மை சொன்னவன் பட்டினி கிடக்க, மறைத்தவன் சம்பாதிப்பானாயின், சட்டம் ஏட்டுச்சுரைக்காயே. வியாதியை ஒளிப்பவனைக் கயவனென்று தூற்றுவது எளிது. ஒளிக்கத் தேவையில்லாதபடி செய்வதே அரசியல்.

ஆதலின், ஒதுக்கப்பட்ட நாட்களுக்குத் தீனிச் செலவும் ஜீவனப்படியும் சர்க்கார் தரவேண்டும். சந்தை வாயிலில் மிருக வைத்தியர் நின்று, காய்ச்சலுள்ள குதிரையை உள்ளே விடாதிருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர்களும் பொதுஜன ஊழியர்களும் இவ்விரண்டையும் இப்போதே வற்புறுத்த வேண்டும். முதல் குதிரை தள்ளாடிய பிறகு கூட்டம் போட்டுப் பயனில்லை.