ஏலமலை ஏறிய ஆர்மோனியம்

போடியிலிருந்து போடிமெட்டு ஏறும் சாலை தேவிகுளம், மூணாறுவரை போகிறது. 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக, தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடம் பாட்டுப் பாடி வாக்குக் கேட்டார் பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன். ரோசம்மா வென்றார். கேரளத்தின் இ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசுக்கு அது மிகப் பெரிய பலம்.

பாவலர் குழுவின் உயிர் ஆர்மோனியப் பெட்டி. ஒரு கை துருத்தியை இயக்க, மறு கை கட்டைகளை அழுத்த, உள்ளே காற்றுப் பட்டுப் பித்தளை நாக்குகள் அதிரும். மின்சாரமே வேண்டாம்; தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலே மேடையாகிவிடும். அதே 1950-களில் அமெரிக்காவில் வந்த வுர்லிட்சர் எலெக்ட்ரிக் பியானோவிலும் நாக்குகள் உண்டு. ஆனால் அவை எஃகு. காற்றுக்குப் பதில் சிறு சுத்தியல் தட்டும், அந்த அதிர்வு மின் அலையாக மாறி ஸ்பீக்கரில் ஒலிக்கும்.

அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. 1971-இல்தான் அது தளர்ந்தது. வானொலி ஒதுக்கிய பெட்டியை உழைக்கும் மக்கள் கொண்டாடினார்கள் என்பது இந்த மலைச்சரிவின் பெருமை.

அண்ணன் பாவலரின் ஆர்மோனியத்தில் விரல் பழகிய தம்பி, 1976-இல் 'அன்னக்கிளி' படத்துக்கு இசையமைத்த இளையராஜா.