அம்மோனியாவை எடை பார்க்கும் அதிர்வுப் படிகங்களும் அவற்றைச் சோதிக்கும் தானியங்கி முறையும்

கோழிக் கொட்டகைக்குள் நுழைந்தவுடன் மூக்கில் ஏறும் நெடி அம்மோனியா வாயுவினுடையது. ஆழ்கூளத்தில் விழும் எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது இவ்வாயு உண்டாகிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கைத் தாண்டி இது தொடர்ந்து இருக்குமானால் குஞ்சுகளின் கண்ணும் மூச்சுக்குழலும் பாதிக்கப்படும். பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஒரு பி.பி.எம். என்று குறிப்பிடுவது வழக்கம்.

நெடியைக் கொண்டே அளவை மதிப்பிடலாம் என்று பண்ணையாளர் பலர் எண்ணுகின்றனர். ஆனால் நாள்தோறும் கொட்டகையில் வேலை செய்பவரின் மூக்கு அந்நெடிக்குப் பழகிவிடுகிறது. வெளியிலிருந்து வந்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும்போது, பண்ணையாளர் "அப்படி ஒன்றும் தெரியவில்லையே" என்பார். எனவே கருவியின் துணை தேவைப்படுகிறது.

உழவியல் துறையினருக்கு இதே வாயு வேறொரு வகையில் கவலை தருகிறது. நீர் தேங்கிய நெல் வயலில் யூரியாவை மேலாகத் தூவினால் அதிலுள்ள தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாக மாறிக் காற்றில் கலந்துவிடும். நண்பகலில் வயல் நீரிலுள்ள பாசி கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் நீரின் கார அமில நிலை 9-க்கும் மேல் உயர்வதுண்டு. அந்நிலையில் நீரிலுள்ள அம்மோனியம் சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாயு வடிவில் இருக்கும். இவ்விழப்பை அளக்க, வயலில் மூடிய பெட்டியை வைத்து, அதனுள் உள்ள காற்றை அமிலத்தில் செலுத்திப் பிடித்து, பின்னர் ஆய்வுக்கூடத்தில் தரம் பார்ப்பது பழைய முறை. நம்பகமான முறைதான். ஆயினும் நாள் முழுவதற்கும் சேர்த்து ஓர் எண்தான் கிடைக்கும். எந்த மணியில் எவ்வளவு போயிற்று என்று அதிலிருந்து அறிய முடியாது. நிமிடந்தோறும் அளவைக் காட்டக்கூடியவை என்று இப்போது அதிகம் பேசப்படுபவை அதிர்வுப் படிக உணர்கருவிகள்.

அதிர்வு எடை காட்டுவது எப்படி?

மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் ரவையைக் குழைத்து அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அப்பிய அளவுக்கு எடை கூடித் தோல் மெதுவாக அதிர்வதால் ஒலி தாழ்கிறது. இங்கும் இதே தத்துவம்தான். குவார்ட்சு படிகத்தில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது தனக்கே உரிய வேகத்தில் அதிரும். கைக்கடிகாரத்தில் உள்ள படிகம் ஒரு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அழுத்தினால் மின்னேற்றம் தரும் படிகங்களின் இயல்பை க்யூரி சகோதரர்கள் 1880-ஆம் ஆண்டு கண்டறிந்தனர். படிகத்தின் மேல் ஏறும் எடைக்கும் அதிர்வெண் குறைவதற்கும் உள்ள கணக்கை ஜெர்மானிய இயற்பியலார் சாவர்பிரே 1959-இல் வகுத்தார். 1964-இல் கிங் என்ற அமெரிக்க வேதியியலார் படிகத்தின் மேல் வாயுவை உறிஞ்சும் பூச்சைத் தடவி அதனை வாயு காட்டும் கருவியாக்கினார்.

நொடிக்கு 50 லட்சம் முறை அதிரும் படிகத்தில், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் 17.7 நானோகிராம் எடை ஏறினால் அதிர்வெண் ஒன்று குறையும். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதிரும் பொருள் சிறிதாகச் சிறிதாக, தொட்ட துகளின் எடை அதற்குப் பெரிதாகப்படும். ஆகவே சிலிக்கன் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத நாக்குகளைச் செதுக்கினர். 2000-ஆம் ஆண்டளவில் சுவிட்சர்லாந்தின் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தினரும் பேசல் பல்கலைக்கழகத்தினரும் எட்டு நாக்குகளை வரிசையாக அமைத்து ஆவிகளைப் பிரித்தறியும் செயற்கை மூக்கு ஒன்றைச் செய்து காட்டினர். அத்தகைய நாக்கின் நீளம் அரை மில்லிமீட்டர், அகலம் பத்தில் ஒரு மில்லிமீட்டர், கனம் ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு நாக்கின் மொத்த எடையே சுமார் 120 நானோகிராம்தான்.

நீராவி செய்யும் குழப்பம்

எடை பார்க்கும் கருவிக்கு ஒரு குறை உண்டு. ஏறியது எது என்று அதற்குத் தெரியாது. அம்மோனியாவை உறிஞ்சுவதற்காகப் பாலிஅக்ரிலிக் அமிலம் போன்ற பூச்சைத் தடவுகிறார்கள். அப்பூச்சு தண்ணீரையும் விரும்பிக் குடிக்கும். காற்றின் வெப்பம் 30 டிகிரியும் ஈரப்பதம் 80 விழுக்காடுமாக இருந்தால், பத்து லட்சம் பங்கு காற்றில் நீராவி மட்டும் 33,000 பங்குக்கு மேல் இருக்கும். நாம் தேடும் அம்மோனியாவோ 10 அல்லது 25 பங்கு. சந்தைக் கூட்டத்தில் ஒருவர் குரலைத் தனியே கேட்க முயல்வது போன்றது இது.

இதனால் நேரும் இழப்பைப் பண்ணையாளர் உணர வேண்டும். ஐப்பசி மழை இரவில் ஈரத்தை அம்மோனியா என்று கருவி காட்டினால், படுதாவை ஏற்றிவிட்டுக் குஞ்சுகளைக் குளிரில் நடுங்க விடுவோம். ஈரத்தைச் சரிக்கட்டுவதாகச் சொல்லி அளவைக் குறைத்துக் காட்டினால், மூடிய கொட்டகைக்குள் குஞ்சுகளின் கண் கெடும். பூச்சில்லாத இரட்டைப் படிகம் ஒன்றை அருகில் வைத்து, இரண்டின் வேறுபாட்டை எடுப்பதால் வெப்பத்தின் பாதிப்பு பெரிதும் நீங்கும். ஆனால் பூச்சு குடித்த நீரை இம்முறையால் நீக்க இயலாது. ஒவ்வொரு கருவியும் எந்த ஈரத்தில், எந்த வெப்பத்தில் என்ன காட்டுகிறது என்று முன்கூட்டியே சோதித்து அட்டவணையாக்குவது ஒன்றே வழி.

தானியங்கிச் சோதனை மேடை

இம்மேடையின் அமைப்பு எளிது. 1,000 பி.பி.எம். அம்மோனியா கலந்த வாயு உருளை ஒன்று, உலர்ந்த காற்று, நீர் வழியே குமிழியிட்டு ஈரமாக்கிய காற்று ஆகிய மூன்றும் தனித்தனி ஓட்டக் கட்டுப்பாட்டுக் கருவிகள் வழியே வந்து கலக்கும். நிமிடத்துக்கு 10 மில்லிலிட்டர் அம்மோனியா வாயுவுடன் 990 மில்லிலிட்டர் காற்று சேர்ந்தால் 10 பி.பி.எம். கிடைக்கும். இக்கலவை, வெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட சிறு பெட்டிக்குள் செல்லும். அதில் பதினாறு உணர்கருவிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன என்று கொள்வோம். மின் நிலைமாற்றி ஒன்று அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அதிர்வெண் எண்ணியுடன் இணைக்கும். வால்வைத் திறப்பது, மூடுவது, எண்களைக் குறிப்பது யாவும் கணிப்பொறியின் வேலை.

ஆறு வாயு அளவுகள், நான்கு ஈரப்பதங்கள், நான்கு வெப்பநிலைகள் என்றால் மொத்தம் 96 படிகள். ஒவ்வொரு படிக்கும் வாயுவைச் செலுத்தவும் பின் தூய காற்றால் கழுவவும் 40 நிமிடம் ஆகும் என்றால் 64 மணி நேரம் இடைவிடாமல் நடக்க வேண்டும். மூன்று முறை திரும்பச் செய்தால் எட்டு நாட்கள். மனிதர் கண்விழித்துச் செய்யக்கூடிய வேலை அன்று. செய்தாலும் மூன்றாம் இரவில் எழுதிய எண்களை நான் நம்ப மாட்டேன்.

படிகளை ஏறுவரிசையிலேயே நடத்தக் கூடாது. நாளாக ஆகப் பூச்சு தானாகத் தளர்ந்து அதிர்வெண் நகரும். ஏறுவரிசையில் சோதித்தால் அந்நகர்வும் வாயுவின் விளைவும் ஒன்றாகக் கலந்துவிடும். வயல் சோதனையில் பாத்திகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்குவதும் இதே காரணத்துக்காகத்தான். கணிப்பொறிக்குக் குலுக்கல் முறை ஒரு சிரமமும் இல்லை.

அம்மோனியா குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. ஆகையால் டெஃப்லான் குழாயைப் பயன்படுத்தி, கலவை நிலைபெறக் காத்திருக்க வேண்டும். முதன்முதலில் இத்தகைய சோதனை ஒன்றை அமைத்தபோது, அம்மோனியா கலந்த வாயுவையே நீர்ப்புட்டி வழியே செலுத்திவிட்டேன். அம்மோனியா முழுவதும் நீரில் கரைந்துபோயிற்று. படிகம் அசையவே இல்லை. இரண்டு நாட்கள் படிகத்தைக் குறைகூறிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் பெட்டியிலிருந்து வெளிவரும் காற்றைப் பழைய அமில முறையில் பிடித்துத் தரம் பார்த்த பிறகே கணிப்பொறியின் எண்ணை ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரே நாளில் ஒரே கலவையால் பூசப்பட்ட படிகங்கள்கூட ஒன்றுபோல் காட்டுவதில்லை. ஒரு துளி பூச்சு ஓரிடத்தில் தடித்தும் மற்றோரிடத்தில் மெலிந்தும் காய்வதே காரணம். ஆகவே மாதிரிக்கு ஒன்றைச் சோதித்துவிட்டு நூறு கருவிகளுக்கும் அதே அட்டவணையை ஒட்டுவது ஏற்கத்தக்கதன்று.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

கோழிப் பண்ணைகளுக்கு இன்று விற்பனையாகும் அம்மோனியா கருவிகள் பெரும்பாலும் மின்வேதி வகையைச் சேர்ந்தவை. அதிர்வுப் படிக வகை இன்னும் மிகுதியும் ஆய்வுக்கூடத்திலேயே உள்ளது. எவ்வகையாயினும் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. இந்தக் கருவி, மாதிரிக் கருவி அன்று, இதே கருவி, 85 அல்லது 90 விழுக்காடு ஈரப்பதத்தில் சோதிக்கப்பட்டதா? உலர்ந்த காற்றில் மட்டும் சோதித்த சான்றிதழ் நம் மழைக்காலத்துக்கு உதவாது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மறுசோதனை செய்ய வேண்டும், அதை யார் செய்து தருவார் என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

சோதனை மேடையில் தூசி கிடையாது. கொட்டகையில் தீவனத் தூளும் இறகுத் துகளும் பறக்கும். எடை பார்க்கும் படிகத்துக்குத் தூசியும் எடைதான். வடிகட்டி இல்லாமல் மாட்டினால் மேடையில் தேறிய கருவியும் சில வாரங்களில் தவறாகக் காட்டத் தொடங்கும். வடிகட்டியை மாதந்தோறும் மாற்றிவிட்டு, வாலைவடி நீரில் நனைத்த அம்மோனியா சோதனைத் தாள் ஒன்றைக் கருவியின் அருகில் பிடித்து, அதன் நிறத்தைக் கருவி காட்டும் அளவுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கருவியை ஆள் உயரத்தில் மாட்டாமல், கோழியின் தலை உயரத்தில் தொங்கவிட வேண்டும். கூளத்தை ஒட்டிய காற்றைத்தான் குஞ்சுகள் சுவாசிக்கின்றன.