மண்டையோடு சொல்லும் செய்தி

நுழையும்முன்

உயிர் நீங்கிய பின்னும் ஒரு விலங்கின் வயதையும் உணவையும் வாழ்ந்த முறையையும் எடுத்துரைக்கும் சான்று அதன் மண்டையோடு. ஆட்டின் மண்டையோட்டைச் சிதைவின்றித் தூய்மைசெய்து காக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

கார்த்திகைத் தீபத் திருவிழாவையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தைக்குச் சென்றவர்கள் அக்காட்சியைக் கண்டிருப்பர். மாடு வாங்க வந்தவர் முதலில் அதன் கீழுதட்டை விலக்கிப் பல்லைப் பார்க்கிறார். 'இரண்டு பல்', 'நான்கு பல்', 'கடை சேர்ந்தது' என ஓரிரு சொற்களில் வயது முடிவாகிவிடுகிறது. எழுத்தறியாத உழவரும் பிழையின்றிப் படிக்கும் ஏடு அது.

ஆட்டுக்கும் இக்கணக்குப் பொருந்தும். கீழ்த்தாடையின் முன்புறத்தில் எட்டுப் பற்கள் உண்டு; மேல்தாடையின் முன்புறத்திலோ பல்லே இல்லை, கடினமான ஈறு மட்டுமே. ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை வயதில் நடுவிலுள்ள இரு பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. பின்னர் ஆண்டுக்கொரு இணையாக மாறி, நான்கு வயதளவில் எட்டும் நிறைவடைகின்றன. கீழடியில் கிடைத்த விலங்கெலும்புகளுள் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றை அறிஞர்கள் இனங்கண்டனர். உடைந்த துண்டொன்று எவ்விலங்கினுடையது எனத் துணிவதற்கு, இனமும் வயதும் ஐயமின்றித் தெரிந்த எலும்புகளோடு அதனை ஒப்பிட வேண்டும். பள்ளியில் முறையாகக் காக்கப்படும் ஓர் ஆட்டுத்தலையும் அத்தகைய ஒப்பீட்டுச் சான்றே.

எதனை எடுக்கலாம்?

அண்ணாமலையின் அடிவாரக் காடுகளில் புள்ளிமான்கள் உள்ளன. இறந்த மானின் தலையோ கொம்போ கண்ணில் பட்டால் எடுத்துவரத் தோன்றும், எடுத்தல் குற்றமாகும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது அரசின் உடைமை. அறியாமல் கைக்கு வந்திருப்பின் 48 மணி நேரத்திற்குள் வனத்துறை அலுவலரிடமோ காவல் நிலையத்திலோ தெரிவித்தல் வேண்டும்.

வயல்வெளியில் திடீரென இறந்துகிடக்கும் ஆடு மாடுகளையும் தொடலாகாது. அடைப்பான் நோயால் இறந்த விலங்கின் உடலைத் திறந்தால் அந்நோய்க் கிருமி வித்துகளாக மாறி, மண்ணில் பல்லாண்டு உயிர்த்திருக்கும். அது மனிதரையும் கொல்லவல்லது. நோயற்ற ஆட்டின் தலையை இறைச்சிக் கடையில் கேட்டுப் பெறுவதே தக்கது. தலைக்கறிக்காக மயிரைப் பொசுக்கி, மூளையை எடுக்க மண்டையைப் பிளப்பது கடைக்காரர் வழக்கமாதலால், 'பொசுக்க வேண்டா, பிளக்க வேண்டா' என்று முன்னரே சொல்லிவைத்தல் நலம்.

கொதிநீர் வேண்டா

முதன்முறை நானும் அவசரப்பட்டுத் தலையைக் கொதிக்கவைத்தேன். தசை விரைவில் கழன்றது. மூக்கின் மெல்லெலும்புகளும் கழன்றன. உருகிய கொழுப்பு எலும்பினுள் ஊறி, எத்தனை முறை கழுவியும் மஞ்சள் நிறம் மாறவில்லை. எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம். எஞ்சியது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத நாரும் நீரும். கனிமம் உறுதி தருகிறது, நார் நொறுங்காமல் பிணைக்கிறது. நெடுநேரக் கொதிப்பு அந்நாரைக் கூழாக்கிவிடும். வெளுக்கும் பொருட்டுப் பிளீச்சிங் பவுடர் இடுவோரும் உளர். குளோரின் அந்நாரையே அரிப்பதால் சில ஆண்டுகளில் எலும்பு சுண்ணாம்புபோல் உதிரும்.

சிறந்த துணை நுண்ணுயிர்களே. ஆசிரியர் அல்லது பெரியவர் ஒருவர் உடனிருக்க, கையுறை அணிந்து தோலையும் தசையையும் இயன்றவரை நீக்குக. பிடரியிலுள்ள பெருந்துளை வழியே வளைந்த கம்பியாலும் நீராலும் மூளையை வெளியேற்றுக. பின்னர்த் தலையை மூழ்கும்படி நீரில் இட்டு, கொசு புகாதவாறு துணியால் மூடுக. நம் ஊர்க் கோடை வெயிலில் சில வாரங்களில் தசை தானே கரையும். சில நாள்களுக்கொருமுறை பாதி நீரை மட்டும் மாற்றினால் நுண்ணுயிர்கள் அழியாமல் பணியைத் தொடரும். நாற்றம் கடுமையாகவே இருக்கும். வீட்டு முற்றத்தில் வைத்து அண்டை வீட்டாரின் பகையைத் தேடிக்கொள்ளாமல் தோட்டத்துக் கடைக்கோடியில் வைக்கலாம். எறும்புப் புற்றருகே போட்டுவைப்பாரும் உண்டு. எறும்புக்குமுன் நாய் வந்துவிடுகிறது.

நீரை வடிக்கும்போது துணியில் வடிகட்டுதல் வேண்டும். கழன்று விழும் முன்பற்கள் அடியில் தங்கியிருக்கும். அவற்றை இழந்தால் வயதுக் கணக்கே போய்விடும். கிணற்றுக்கு எட்டத்தில் குழிதோண்டி அந்நீரை ஊற்றி மண்ணால் மூடுக.

இந்நிலையில் கொம்பின் மேலுறையும் கழன்றுவரும். ஆட்டுக்கொம்பு, நகம்போன்ற கெரட்டின் உறையும் அதனுள் எலும்புத் தண்டுமாக அமைந்தது. மானின் கொம்போ முழுதும் எலும்பு, ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பது. உறையைத் தனியே கழுவி நிழலில் உலர்த்துக.

அடுத்துச் சலவைத்தூள் கரைத்த வெதுவெதுப்பான நீரில் பல நாள்கள் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே வந்தால் கொழுப்பு வெளியேறும். மருந்துக் கடையில் கிடைக்கும் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடில் ஓரிரு நாள் இட்டால் எலும்பு வெளுக்கும். வாயு வெளிப்படுவதால் பாத்திரத்தை இறுக மூடலாகாது. கொம்புறையை இதில் இட்டால் நிறம் மங்கும். வெயிலில் காயவைத்தால் பற்கள் வெடிக்கும். நிழலில் உலர்த்தியபின் பற்களை அவற்றின் குழிகளில் பொருத்திப் பசையால் ஒட்டுக.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் யானை, திமிங்கலம் ஆகியவற்றின் எலும்புக்கூடுகளைக் காண்போர், பக்கத்திலுள்ள விளக்கப் பலகையையும் படித்தல் வேண்டும். பலகையற்ற எலும்பு வெறும் அலங்காரம். ஆதலின் விலங்கின் பெயர், ஆணா பெண்ணா என்பது, பெற்ற ஊர், நாள், பற்களின் எண்ணிக்கை ஆகியவற்றை அட்டையில் எழுதிக் கட்டுக. கீழ்த்தாடை தனியே கழன்றுவரும் உறுப்பாதலால், அதிலும் மண்டையோட்டிலும் அழியா மையால் ஒரே எண்ணைப் பொறித்தல் வேண்டும்.